மருதாணிக்கு வண்டி பார்த்த கதை

ஒரு குதிரையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தகுந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் செய்த முக்கியமான காரியம், ஒருவர் கொண்டுவந்து காட்டிய லாரியின் டயரை உதைத்துப் பார்த்தது. பிறகு பாடித் தகட்டை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தேன். கணீரென்று இருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு தீவன குடோனை இரண்டு சுற்று சுற்றி ஓடியது. அதையும் பார்த்தேன். வண்டி நல்ல வண்டிதான் என்று முடிவு செய்தேன்.

நாமக்கல் பக்கத்து ஆளுக்கு இது பிறவிக் கோளாறு. பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில் நின்ற லாரியின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்த உறவினர் எனக்கு உண்டு. அந்தச் சம்பந்தம் நல்லபடியாகவே அமைந்துவிட்டதால் அந்தப் பழக்கத்தின் மேல் எங்கள் குடும்பத்தில் இன்றும் நம்பிக்கை இருக்கிறது.

ஏற்றுமதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னார்கள். நான் முட்டை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்தவன். குளிரூட்டி நின்றுபோன கன்டெய்னரைக் காப்பாற்றியது, துறைமுக வேலைநிறுத்தத்தின் நடுவே சரக்கைக் கப்பலேற்றியது என்று சொல்லிக்கொள்ளும்படி சில வெற்றிகள் எனக்கும் உண்டு. அவற்றை எழுதினால் நீங்கள் என்னைப் பற்றித் தெரிந்துகொள்வீர்கள், வேலையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். ஆகவே குதிரை. இரத்தப் பரிசோதனை, சான்றிதழ், தனிமைக் கொட்டகை, விமானத்தில் இடம் பிடிப்பது இதெல்லாம் உங்களுக்கு அலுவலகத்தில் யாராவது சொல்லித் தருவார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நம் புத்தி எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் முதலாளிக்கு ஒரே மகள், சௌமியா. கல்லூரியில் படிக்கும்போது, பெங்களூரில் பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பெண் குதிரையை அடம்பிடித்து வாங்கவைத்தாள். மருதாணி இட்டுக் கழுவிய உள்ளங்கையின் நிறம் அதற்கு, பெயரும் மருதாணி. திருச்செங்கோடு சாலையில் இருந்த எங்கள் கோழிப்பண்ணையில், தீவன குடோனுக்குப் பின்னால் அதற்குக் கொட்டகை போட்டார்கள். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவே ஒரே ஒரு குதிரை. பண்ணைக்கு வரும் வங்கி அதிகாரிகள் கோழிகளைப் பார்க்காமல் அதைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிறகு சௌமியா தனக்குப் பிடித்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வளைகுடா நாடு ஒன்றுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் வேலை. அப்பாவும் மகளும் இரண்டு வருடம் பேசவில்லை. மூன்றாம் வருடம், அம்மா வழியாக ஒரு கோரிக்கை வந்தது.

"நகைநட்டு ஒண்ணும் வேண்டாமாமுங்க," என்றார் முதலாளி. "குதிரையை மட்டும் அனுப்பி வெக்கச் சொல்லுது." அன்று அவர் அதை என்னிடம் மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் புகார் சொல்வதுபோல. முகத்தில் மட்டும் புகார் இல்லை.

"அனுப்பிரலாமுங்க. ஆனா ஒண்ணு, என்ற ஊட்டுல இருந்து போற மாதிரி போவோணும். நீங்க பாத்துச் செய்ங்க."

"நான் முட்டைதானுங்ணா அனுப்பியிருக்கறேன்."

"முட்டையே ஒடையாமப் போவுது. குதிரை ஒடையவா போவுது?"

"சரிங்ணா," என்று தலையாட்டினேன்.

தலையாட்டுவதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. முதலாளியின் வாக்கியம் முடிவதற்கு முன்பே ஆட்டிவிடுவேன். முடிவு எதுவானாலும் ஒப்புதல் தயாராக இருக்கும். என் பதவி உயர்வுகளில் பாதியை என் கழுத்துதான் சம்பாதித்தது.

முதலில் வந்தவர் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள். ஓசூர்ப் பக்கத்துக்காரர். குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதே அவர் தொழில். பஸ்ஸில் வந்து இறங்கி ஆட்டோ பிடித்துப் பண்ணைக்கு வந்தார். முதலாளிக்கு அங்கேயே முகம் சுருங்கிவிட்டது. சொந்தமாக எத்தனை வண்டி என்று கேட்டார். ஒன்றும் இல்லை, தேவைக்குத் தகுந்தபடி அமர்த்திக்கொள்வேன் என்றார் அந்த அம்மாள். காபி வேண்டாம் என்றார். முதலாளி கொடுத்த காபியை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

நேராகக் கொட்டகைக்குப் போய் நின்றார். பேசவில்லை, தொடவில்லை. மருதாணி காதுகளை முன்னால் நிமிர்த்திக்கொண்டு அசையாமல் அவரைப் பார்த்தது. வெகுநேரம் இரண்டும் அப்படியே நின்றன. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணால் "என்ன இது?" என்றார். நான் கண்ணால் "தெரியலீங்ணா" என்றேன்.

"வண்டி ஏறிப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வந்தப்ப வண்டியிலதானுங்க வந்துச்சு," என்றார் முதலாளி.

"அது எந்தக் காலமோ. அதுக்கப்புறம்?"

"இல்லீங்."

"தீனி போடறது யாரு? அவர் கூட வருவாரா? இது எதுக்குப் பயப்படும்?"

முதலாளிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "என்ற புள்ளைக்கு மட்டுந்தான் பயப்படும்," என்று சொல்லி முதலாளி சிரித்தார். நான் கூடச் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அடுத்த வளர்பிறைல அனுப்பிரலாமுங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"தேதி இப்பச் சொல்ல மாட்டேங்க. மொதல்ல ஒரு மாசமாவது நின்ன வண்டியில ஏத்தி எறக்கிப் பழக்கணும். ஏர்போர்ட் வாசல்ல போய் நின்ன பிறகு காய்ச்சல் தெரிஞ்சாலும் திருப்பிக் கொண்டாந்துடுவேன். இன்னொண்ணு. வழியில காலு கீலு ஒடிஞ்சுதுன்னா உயிரை முடிக்கிற ஊசி போடச் சொல்ற அதிகாரம் யாருக்கு? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ரெண்டு பேரு கூடாது."

முதலாளி கொட்டகைக் கூரையைப் பார்த்தார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். நான் அவருக்கும் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

அவர் ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் முதலாளி வாயைத் திறந்தார். "குதிரை இன்னும் கெளம்பவே இல்லை. அதுக்குள்ள பாதி வழியில திரும்பறதும், காலு ஒடியறதும், ஊசி போடறதும். அந்தம்மா வாயில நல்ல வார்த்தையே வராதாட்ட இருக்குது. வண்டியும் இல்லை. வண்டி இல்லாத ட்ரான்ஸ்போர்ட்டுக்கு நம்மூர்ல என்னங்க பேரு?"

"புரோக்கருங்ணா."

"அதேதான்."

எனக்கும் அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மிடம் நல்ல பெயர் வாங்க முயற்சியே செய்யாத ஆளை நமக்குப் பிடிப்பதில்லை. விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், பரிந்துரைகளை விசாரித்தேன் என்றெல்லாம் நாளை நீங்களும் கோப்பில் எழுதுவீர்கள். பெரும்பாலான தேர்வுகள் காபி டம்ளர் காலியாகும் முன்பே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது ஆளைக் கூட்டிவந்தவர் முதலாளியின் மச்சினர், அதாவது சௌமியாவின் தாய்மாமன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வந்த ஆள் சென்னைக்காரர், விலங்குகளை ஏற்றிச் செல்ல மூன்று வண்டி வாங்கியிருந்தார். மூன்றுக்கும் பாடி கட்டியது இவர் பட்டறை. ஏசி, ரப்பர் தரை, உள்ளே நாலு பக்கமும் கேமரா. முதலாளி தகட்டைத் தடவிப் பார்த்தார். நான் டயரை உதைத்தேன். ஹாரன் விவகாரத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் கேட்காமல் இருந்துவிடவில்லை. அந்த அம்மாள் எங்களிடம் கேட்டதையெல்லாம் திருப்பி அந்த சென்னைக்காரரிடம் கேட்டேன். படித்தவன் அல்லவா.

"வண்டியில ஏத்திப் பழக்க வேண்டாமா?"

"பாத்துக்கலாம் சார்."

"எதுக்குப் பயப்படும்னு நீங்க தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"நம்ம வண்டில ஏறிடுச்சுன்னா எதுக்கும் பயப்படாது சார்."

"கூட யார் போவாங்க?"

"பெங்களூர்ல நம்ம குதிரைக்காரர் ஏறிக்குவாரு. அதுவரைக்கும் க்ளீனர் இருக்கான். பாத்துக்கலாம் சார்."

"கால் ஒடிஞ்சா?"

"ஐயய்யோ, வாயைக் கழுவுங்க சார்."

முதலாளிக்கு அந்தக் கடைசிப் பதில் மிகவும் பிடித்திருந்தது. எனக்கும் திருப்தி, எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வருகிறது என்றால் ஒரு கேள்வியும் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம் என்பது பிறகு தெரிந்தது. வளர்பிறை வெள்ளிக்கிழமைக்கு அவர் தேதி கொடுத்தார். முதலாளி கேட்ட தேதி அது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் வெயில் ஏறும் நேரமாக இருந்தது. அதற்கும் பாத்துக்கலாம் என்றார்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் சௌமியா என்னைப் போனில் கூப்பிட்டாள். அப்பாவிடம் நேரடியாகப் பேச இன்னும் இருவருக்கும் வாய் வரவில்லை.

"அங்கிள், எல்லாம் சரியாப் பண்ணுவீங்கன்னு தெரியும். சத்தம் மட்டும் அவளுக்கு ஆகாதுங்க. தீபாவளிக்கு நான் கொட்டாய்லயே படுத்துக்குவேன், ஞாபகம் இருக்கா? காதுல பஞ்சு வெச்சு அனுப்புங்க. வந்து சேந்ததும் அப்பாவுக்கு நானே போன் பண்றேன்னு சொல்லுங்க."

"பாத்துக்கலாம் அம்மிணி," என்றேன். அந்த வார்த்தை எனக்கும் தொற்றியிருந்தது.

முதலாளியிடம் செய்தியைச் சொன்னேன். அவர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய், முட்டை லாரி ஒன்று ரிவர்ஸில் வருவதை அக்கறையாகப் பார்த்தார். "நானே போன் பண்றேன்னா சொல்லுச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆமாங்ணா."

அதன் பிறகு அந்தப் புறப்பாடு குதிரையின் புறப்பாடாக இல்லை. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் நானே நெரிசலில் இடிபட்டு வாங்கிவந்தேன். பண்ணை ஆட்கள் எல்லோருக்கும் சாப்பாடு. மருதாணிக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சம்பங்கி மாலை. மருதாணி மாலையைத் தின்றது. அன்று நடந்த காரியங்களில் அர்த்தமுள்ளது அது ஒன்றுதான்.

காதில் பஞ்சு வைத்தோம். அது தலையை உதறிப் போட்டது. மறுபடி வைக்க நல்ல நேரம் இடம் தரவில்லை. சாய்தளத்தில் ஏற மாட்டேன் என்று வெகுநேரம் நின்றது. அதற்குத் தெரியாத க்ளீனர் முன்னாலிருந்து இழுத்தார். பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினார்கள். ஏறியது. கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் மச்சினர் தன் காரிலிருந்து சரவெடியை எடுத்துவந்தார். வண்டியின் பின்சக்கரத்திலிருந்து கேட் வரைக்கும் நீளும் சரம்.

"என்னுங்க இது?" என்றேன்.

"மாமன் சீருங்க. அம்மிணி போறப்ப யாருக்கும் சொல்லாமப் போயிருச்சு. ஒரு வெடி வெக்க முடியலை எனக்கு. அதுன்ற குதிரையாச்சும் முறையாப் போவட்டும்."

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மேடையில் மாமன் முகம் கோணினால் மாப்பிள்ளையே உட்கார்ந்த இடத்தில் காத்திருக்க வேண்டும். சம்பளக்காரன் அதில் வாய் வைக்க முடியாது.

ஆனாலும் மறந்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. சரத்தை அவிழ்த்துத் தரையில் விரிக்கும்போது சௌமியா சொன்னது சொல் மாறாமல் நினைவுக்கு வந்தது. முதலாளியைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியில், மகளையே வழியனுப்புகிறவர் போல நின்றார். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சென்னைக்காரரைப் பார்த்தேன். அவர் புன்னகைத்தார். வாடிக்கையாளரின் சந்தோஷத்தில் அவர் குறுக்கே நிற்பதில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று அவரும், அவர் சொல்வார் என்று நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?" என்றேன்.

மச்சினர் பெருந்தன்மையாகப் பத்தடி தள்ளி வைத்தார். என் பணிக்காலத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னால் அதை எழுதலாம்: தவறைப் பத்தடி தள்ளி வைத்தவர்.

சரவெடியைப் பற்றி ஒரு விஷயம். பற்றவைத்த பிறகு பாதியில் நிறுத்த முடியாது. முதல் வெடியிலேயே வண்டி ஆட ஆரம்பித்தது. உள்ளே தகட்டில் விழுந்த உதைகள் வெடியைவிட உரக்கக் கேட்டன. ஆனால் சரம் முழுவதும் வெடித்துத் தீரும்வரை யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். புகை விலகிக் கதவைத் திறந்தபோது மருதாணியின் பின்னங்கால் ஒன்று தடுப்புக் கம்பிக்கு அடியில் மாட்டி, போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் சீக்கிரமே வந்துவிட்டார். பார்த்தார். வலிக்கு மருந்து கொடுத்தார். "இது சேராதுங்க. ஊசி போட்டுரலாம். யாரு சொல்றீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் கேட்ட அதே கேள்வி. ஒரே ஒருவர் பெயர். எங்களிடம் அந்த ஒருவர் இல்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாங்க?" என்றார் முதலாளி. "பொட்டக் குதிரை. என்ற தோட்டத்துல வெச்சா? அம்மிணிக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்? நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"நாளைக்கு வரைக்கும் தாங்கும்னே வெச்சுக்குங்க. தாங்க வெக்கணுமுங்களா?" என்று மருத்துவர் என்னைப் பார்த்தார்.

நான் சௌமியாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, வேலை நேரம். மறுபடி செய்தேன். செய்துகொண்டே இருந்தேன். அது வசதியான வேலை. முடிவெடுக்க முடியாதவனுக்குப் போன் நல்ல துணை. அந்த நேரமெல்லாம் மருதாணி அந்த அழகான வண்டியில் மூன்று காலில் நின்றது. இறக்க முடியவில்லை, படுக்கவைக்கவும் இடமில்லை. அளந்து கட்டிய பாடி.

வெயில் சாய்ந்த பிறகு சௌமியா கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"எப்பங்க?"

"காலைல."

"இன்னும் நிக்க வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க அம்மிணி."

"டாக்டர்கிட்டக் குடுங்க."

அவள் அவரிடம் என்ன சொன்னாளோ, அவர் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். போன் என்னிடம் திரும்பி வந்தது.

"என்ன சத்தம் அங்கிள்?"

"வெடிங்க. மாமன் சீரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதானுங்க இருந்தேன்."

முதலாளி பக்கத்தில் வந்து போனுக்காகக் கையை நீட்டினார். மகளிடம் பேச அவர் தயாராகிவிட்டார். கொடுத்தேன். காதில் வைத்து "அம்மிணி" என்றார். மறுபடி "அம்மிணி" என்றார். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்று பழமொழி. எங்கள் பண்ணையில் தள்ளியதும் நாங்கள், குழி பறித்ததும் நாங்கள். பொக்லைன் வைத்து, மக்காச்சோளக் காட்டு ஓரத்தில். மச்சினர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் காரில் உட்கார்ந்திருந்தார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அவர் தனக்குத் தெரிந்த அன்பைச் செய்தார்.

சென்னைக்காரர் கேமராப் பதிவுடன் வந்தார். "நாலு ஆங்கிள்லயும் தெளிவா இருக்கு சார். நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்ல." பார்த்தேன். உண்மைதான். அவர் வாக்குக் கொடுத்தது எல்லாம் சரியாக வேலை செய்திருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒருவரிடம் உயிருள்ள சரக்கை ஒப்படைக்கும் முன், எத்தனை வண்டி, எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்த வாடிக்கையாளரிடம், அவர் வாசலிலேயே நின்று, முடியாது என்று சொன்னீர்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் அவரை வைத்துக்கொள்ளலாம். "நமக்கு அப்படி வந்ததே இல்ல சார்" என்றால் அவருக்கு நல்ல காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதே கேள்வியை வருடத்துக்கு ஒரு முறை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்கு மருதாணி நினைவு வந்தது. அவரைப் பார்த்தால் எனக்கு அந்த நீட்டிய கை. ஆகவே வயதுக்கு முன்பே விருப்ப ஓய்வு. இப்போது மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ஏறும் வண்டிகள் கியர் மாற்றுவதைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிறேன். சௌமியா இன்னும் அப்பாவிடம் பேசவில்லை என்று கேள்வி.

இதை எழுத உட்காரும் முன் அந்த பெங்களூர் அம்மாளைப் போனில் பிடித்தேன். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டால் என் மனம் கொஞ்சம் லேசாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கணுமுங்க. தப்புப் பண்ணிட்டோம்," என்றேன்.

"தேர்ந்தெடுத்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேங்க. ஆட்டோ ஏறும்போதே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஏனுங்க, குதிரையில எதாச்சும் கோளாறு தெரிஞ்சுதுங்களா?"

"குதிரை நல்ல குதிரைங்க. உங்க முதலாளி பேசினா நீங்க தலையாட்டினீங்க. நான் பேசினாலும் தலையாட்டினீங்க. அன்னிக்கு அங்க தலையாட்டாம நின்னது குதிரை மட்டும்தான்."